கழற்றிய பூட்டை மறுபடி மாட்டினோமா?



கொடுத்த பணத்தை மறுபடியும் கேட்ட பாவத்தை நான் செய்திருக்கிறேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு மளிகை மொத்த வியாபாரம். கடை தாடிக்கொம்பில்; குடியிருப்பது திண்டுக்கல்லில். பேரப்பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டை டவுனுக்கு மாற்றினோம். அதோடு கணக்கும் வீட்டுக்குப் போய்விட்டது. பகலில் போட்ட பில்களை இரவு கட்டாகக் கட்டி எடுத்துப் போவேன். பி.காம். படித்த மருமகள் மறுநாள் காலை வேலைகளை முடித்துவிட்டு அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து இதுதான் எங்கள் நடைமுறை.

ஒருநாள் அகரம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். பதினைந்து வருடமாக என்னிடம் சரக்கு எடுப்பவர். பருப்பு, எண்ணெய், புளி என்று சிட்டை நீட்டினார். "பழைய பாக்கி நிற்கிறதே, அதைக் கொஞ்சம் பார்த்தால் நல்லது" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அண்ணாச்சி, முந்தாநாள் ராத்திரியே செல்போனில் அனுப்பிவிட்டேனே!" என்றார். பணம் வந்த செய்தி என் மகனின் போனுக்குப் போயிருக்கிறது. மருமகள் வரவும் வைத்துவிட்டார். கடையில் இருந்த எனக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், சரக்கு எடுக்காமலே எழுந்து போனார்.

கடையில் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். பதினைந்து வருட நாணயஸ்தனை அவர்கள் முன்னால் பாக்கிக்காரன் ஆக்கிவிட்டேன். மறுநாள் அவர் வீட்டுக்கே போய் வருத்தம் சொல்லி வந்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரைக் கடையிலிருந்தே பார்க்க வழி செய்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்த முடிவு என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் எது என்பதை நம் உறுப்பினர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் இன்று அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

பத்தொன்பது நாள் படலம்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி ஒருவரை அழைத்தேன். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பானவர். "போர்ட் ஃபார்வர்டிங் பண்ணிவிட்டால் போதும் அண்ணாச்சி, அரைமணி நேர வேலை" என்றார்.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது என்ன? வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு ஒன்று. அதை வீட்டிலுள்ள கம்ப்யூட்டர், செல்போன், டி.வி., கேமரா எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர் என்னும் பெட்டி. அது நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டாலும் வெளியே அனுப்பி, வரும் பதிலை உரியவரிடம் சேர்த்துவிடும். ஆனால் நாம் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வருகிற எதையும் வாசலிலேயே நிறுத்திவிடும். "இந்த எண்ணைக் கேட்டு வருபவரை மட்டும் இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு" என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். ஒவ்வொரு முகவரிக்கும் 65,536 போர்ட்டுகள், அதாவது அத்தனை வாசல் எண்கள் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கு வழக்கமான எண் 3389.

தம்பி அதைச் செய்தார். கடைக்கு வந்து முயன்றோம். திறக்கவில்லை.

மறுமுறை வந்தார். "கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபயர்வால்தான் தடுக்கிறது" என்று அதை நிறுத்தினார். திறக்கவில்லை. வைரஸ் தடுப்பையும் நிறுத்தினார். அப்போதும் திறக்கவில்லை. மருமகள் வைத்திருந்த நீளமான கடவுச்சொல்லைத் தட்டித் தட்டி அலுத்துப்போய், "சோதனைக்குத்தானே, சுலபமாக வைத்துக்கொள்வோம்" என்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்தார். மூன்றாவது முறை வந்தபோது, ரவுட்டரில் டி.எம்.இசட். என்ற ஒன்றைப் போட்டார். ஒரு வாசல் என்றில்லாமல், வேறு வேலைக்கு ஒதுக்காத எல்லா வாசலுக்கும் வருகிறவர்களை அப்படியே கம்ப்யூட்டரிடம் அனுப்பும் ஏற்பாடு அது. அப்போதும் திறக்கவில்லை.

இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டேன். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். அணைத்துப் போட்டேன். அடுத்த நாள் வேறொருவர் பேசினார். அவரும் அணைத்துப் போடச் சொன்னார். ஒரு வாரத்தில் எத்தனை முறை அணைத்துப் போட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

பத்தொன்பதாம் நாள், பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்காள் பேரன் தற்செயலாகப் போனில் பேசினான். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "தாத்தா, ரவுட்டருக்குள் போய், வெளிப்பக்க முகவரி என்ன நம்பர் என்று பார்த்துச் சொல்லுங்கள்." மருமகள் பார்த்துச் சொன்னார். 100 என்று தொடங்கியது, அடுத்த எண் 70-க்கு மேல். "அது உங்கள் நம்பரே இல்லை தாத்தா. உலகத்துக்கு அந்த முகவரி தெரியாது. நீங்கள் வீட்டுக்குள் எத்தனை கதவு திறந்தாலும் தெருவிலிருந்து ஒருவரும் வர முடியாது" என்றான்.

காம்பவுண்டு வீட்டு முகவரி

நம் ஊர்ப் பக்கம் காம்பவுண்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவாசல் ஒன்று, கதவிலக்கம் ஒன்று, உள்ளே பத்துப் பன்னிரண்டு குடித்தனம். உள்ளே இருப்பவர் கடிதம் எழுதி அனுப்பினால் பதில் வந்து சேரும். வாசலில் இருக்கும் வாட்ச்மேன், இன்னார் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் என்று குறித்து வைத்திருப்பார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வெறும் கதவிலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால், எந்தக் குடித்தனத்துக்கு அனுப்புவது? வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

எனக்குக் கிடைத்திருந்தது அப்படிப்பட்ட இணைப்பு. இதற்கு ஒரு காரணம் உண்டு. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்டு 15-ல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அது கடல் போலத் தெரிந்தது. செல்போன் பெருகியதும் கடல் வற்றிவிட்டது. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் மண்டல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய-பசிபிக் மண்டலத்தின் தாராள விநியோகமும் முடிந்து, ரேஷன் தொடங்கியது. பிறகு 2012 ஏப்ரலில், நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை ஒதுக்கி வைத்தார்கள். ஒரே பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களைக் குடிவைக்கும் ஏற்பாட்டுக்காகவே ஒதுக்கியவை அவை.

ஆகவே, முகவரியைப் பங்கு போட்டுக் கொடுத்ததற்காக நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. சரக்குத் தட்டுப்பாடு வந்தால் நாமும் ஆளுக்குக் கொஞ்சம் என்றுதான் அளக்கிறோம். என் ஆதங்கம் வேறு. கால் கிலோ கொடுத்துவிட்டுக் கால் கிலோ என்று சொல்ல வேண்டுமா இல்லையா? பத்தொன்பது நாளில் ஒருவராவது, "உங்களுக்குக் கொடுத்திருப்பது பங்கு முகவரி, இதில் வெளியிலிருந்து நேராக வர முடியாது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், நான் வீட்டுக்குள் ஒவ்வொரு பூட்டாகக் கழற்றியிருக்க மாட்டேன்.

திறந்த அன்றைக்குத்தான் ஆபத்து

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நிறுவனத்திடம் கூடுதல் மாதக் கட்டணம் கட்டி, தனி நிலை முகவரி வாங்கினேன். ஒரு மாலைப் பொழுதில் அது நடைமுறைக்கு வந்தது. கடையிலிருந்து முயன்றேன். முதல் முயற்சியிலேயே வீட்டுக் கம்ப்யூட்டர் என் கண் முன்னால் திறந்தது! வாடிக்கையாளர் கணக்கு, சரக்கு இருப்பு எல்லாம் கடையிலேயே தெரிந்தன. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பையனை விட்டு எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாள் காலை மருமகள் போன் செய்தார். "மாமா, ராத்திரி நீங்கள் திரும்பத் திரும்ப உள்ளே வர முயற்சி செய்தீர்களா?" இல்லை என்றேன். விண்டோஸ் தன் பாதுகாப்புப் பதிவேட்டில், தோற்றுப்போன ஒவ்வொரு உள்நுழைவு முயற்சியையும் 4625 என்ற எண்ணில் குறித்துவைக்கும். அந்தப் பதிவேட்டைத் திறந்தபோது பக்கம் பக்கமாகப் பதிவுகள். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி, எங்கெங்கிருந்தோ யார் யாரோ இரவு முழுக்கக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் பயனர் பெயர் பேத்தியின் செல்லப்பெயராக இருந்ததால் தப்பினோம். கடவுச்சொல்லோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!

மருமகள் ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கதவு திறக்கவில்லை, திறக்கவில்லை என்று பத்தொன்பது நாளாக ஃபயர்வாலைக் கழற்றினோம், வைரஸ் தடுப்பைக் கழற்றினோம், கடவுச்சொல்லைக் கழற்றினோம், டி.எம்.இசட். போட்டுச் சுவரையே எடுத்தோம். பழுது வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருந்தது. தெருப் பழுது சரியானபோது, வீட்டில் கழற்றிய பூட்டு ஒன்றைக்கூட நாங்கள் திரும்ப மாட்டியிருக்கவில்லை. நான் சபித்த அந்தக் காம்பவுண்டுச் சுவர்தான் அத்தனை நாளும் என்னைக் காப்பாற்றியிருக்கிறது!

பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் குடியிருந்துகொண்டு இதைச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மாங்காய்ப் பூட்டை வாங்கிப் போகிறவர், சாவி திரும்பவில்லை என்றால் நாதாங்கியை அறுத்தெறிந்துவிட்டுக் கதவை விரியத் திறந்து வைப்பாரா? கம்ப்யூட்டர் என்று வந்தவுடன் அதைத்தான் செய்கிறோம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல

தட்டுகிறவர்கள் மனிதர்கள் அல்ல. இணையத்தின் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள். தாடிக்கொம்பு மளிகைக் கடைக்காரனிடம் என்ன இருக்கிறது என்று அவை பார்ப்பதில்லை. திறந்திருக்கிறதா என்றுதான் பார்க்கின்றன.

2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை என்ற பணயத் தாக்குதல் நூற்றைம்பது நாடுகள் வரை எட்டியது. அது நுழைந்த வாசல் எண் 445, கோப்புகளைப் பகிரும் வாசல். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டி.எம்.இசட். போட்டு ஃபயர்வாலையும் நிறுத்தினால், 3389 மட்டுமல்ல, அந்த 445-ஆம் சேர்ந்தே திறக்கும். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுக்கும் அளவுக்கு அது தீவிரம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நம் கடைகளில் எத்தனை கம்ப்யூட்டர் இன்னும் அந்தப் பழசில் ஓடுகிறது என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டு, நாட்கணக்கில் காகிதத்தில் சீட்டு எழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள். நமக்கு அப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும்? கடன் பாக்கி யார் யாருக்கு எவ்வளவு என்பது போகும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதத்துக்குக் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம். திருடன் பூட்டிவிட்டான் என்று அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

கேமரா விஷயமும் இதேதான். கடைக் கேமராவைச் செல்போனில் பார்ப்பதற்காகப் பலருக்கு இப்படி வாசல் திறந்து கொடுத்துவிட்டு, கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே போய்விடுகிறார்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், இப்படிக் கம்பெனிக் கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் படை திரட்டியது. அதைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பெரிய பெரிய வலைத்தளங்களையே முடக்கினார்கள். ஆயுதமாக இருந்தவை அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள், அவ்வளவுதான்.

பழுது பார்க்க ஒரு வரிசை

பூட்டைக் கழற்றாமல் பழுதைக் கண்டுபிடிக்க முடியும். உள்ளேயிருந்து வெளியே, ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். அக்காள் பேரன் சொல்லிக்கொடுத்த வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலாவது, கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா? சிறிது நேரத்தில் தானாக உறங்கும்படி வைத்திருந்தால் ஒருவராலும் நுழைய முடியாது. மின்சாரம் போனால் ரவுட்டருக்கு மாற்று உண்டா? இன்னொன்று, விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளியாரை ஏற்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி கிடையாது. புரோ பதிப்பு வேண்டும். இது தெரியாமலே நாள் கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, அதே வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து திறக்கிறதா? வீட்டுக்குள்ளேயே திறக்கவில்லை என்றால் பழுது கம்ப்யூட்டரில். ஃபயர்வாலில் அந்த ஒரு வசதிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். மொத்தமாக நிறுத்த வேண்டியதே இல்லை.

மூன்றாவது, வீட்டுக்குள் கம்ப்யூட்டரின் எண் மாறுகிறதா? நேற்று 192.168.1.5 என்று இருந்தது இன்று 1.8 ஆகியிருக்கும். ரவுட்டர் பழைய எண்ணுக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அந்த எண்ணை அந்தக் கம்ப்யூட்டருக்கே ஒதுக்கிவைக்க வேண்டும்.

நான்காவது, நான் பத்தொன்பது நாள் கழித்துப் பார்த்ததை முதல் நாளே பாருங்கள். ரவுட்டர் காட்டும் வெளி முகவரியும், "என் ஐ.பி. முகவரி என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் முகவரியும் ஒன்றுதானா? ஒன்றல்ல என்றால் நடுவில் இன்னொரு வாசல் இருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரின் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் இருந்தால் அது நிறுவனத்தின் பங்கு முகவரி. 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ, 192.168 என்றோ தொடங்கினாலும் அது பொது முகவரி அல்ல. ஃபைபர் கம்பெனி வைத்த பெட்டி ஒன்று, நாம் வாங்கிய வைஃபை ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருந்தாலும் இப்படிக் காட்டலாம். அப்படியானால் முன்னால் இருக்கும் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, சோதனையை வெளியிலிருந்து செய்யுங்கள். வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால் சில ரவுட்டர்கள் திருப்பி விடாது. வேலை செய்கிற ஏற்பாடே பழுது போலத் தெரியும். செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

ஆறாவது, நேற்று திறந்து இன்று திறக்கவில்லை என்றால் வெளி முகவரி மாறியிருக்கலாம். நிலை முகவரி வாங்காதவர்களுக்கு அது அவ்வப்போது மாறும்.

3389 என்ற எண்ணை வேறு எண்ணாக மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அது வாசலுக்கு முன்னால் தட்டி கட்டி மறைப்பது போல. பூட்டு ஆகாது.

வாசல் திறக்காமல் வழி உண்டு

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? திறந்த வாசல் அத்தனையையும் மூடிவிட்டோம். ஃபயர்வாலும் வைரஸ் தடுப்பும் மறுபடி ஓடுகின்றன. கடவுச்சொல் மறுபடியும் நீளமாகிவிட்டது. நிலை முகவரியையும் விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக வி.பி.என். என்னும் தனிவழி. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளில், வீட்டுக் கம்ப்யூட்டரும் கடைக் கம்ப்யூட்டரும் இரண்டுமே உள்ளேயிருந்து வெளியே கடிதம் எழுதுகின்றன. சேவைக்காரர் இரண்டுக்கும் அறிமுகம் செய்துவைக்கிறார். காம்பவுண்டு வீட்டு வாட்ச்மேன், நாம் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் என்று நினைத்து விட்டுவிடுவார். பங்கு முகவரியிலும் இது வேலை செய்கிறது. தெருவில் போகிறவனுக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது. கணக்குக்குக் கட்டாயம் இரட்டைச் சரிபார்ப்பு வைக்க வேண்டும்.

சில கணக்கு மென்பொருள்களிலேயே, பார்க்க மட்டும் அனுமதிக்கும் இணைய வசதி இருக்கிறது. பாக்கி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முழுக் கம்ப்யூட்டரையும் திறக்க வேண்டுமா என்று முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனிடெஸ்க் போன்ற செயலிகளும் உண்டு. நம் வேலைக்கு நாமே போட்டுக்கொண்டால் சரி. ஆனால் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது சொல்லிப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அந்த வழியில் நடக்கும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், வாரம் ஒருமுறை கணக்கை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, ஒயரைப் பிடுங்கி, பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டுவான்.

சங்கம் செய்ய வேண்டியது

இரண்டு கோரிக்கைகளை நம் சங்க நிர்வாகிகள் முன் வைக்கிறேன்.

ஒன்று, இணைய நிறுவனங்களிடம் நாம் ஒன்றாகப் போய்க் கேட்க வேண்டும். கொடுக்கும் முகவரி தனியா, பங்கா? தனி முகவரிக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு? எந்த வாசல்களை நிறுவனமே அடைத்து வைத்திருக்கிறது? இந்த மூன்றையும் விண்ணப்பத்திலும் பில்லிலும் தமிழில் அச்சிட வேண்டும். நம் கடைப் பொட்டலத்தின் மீது எடை, விலை, தேதி அச்சிடாவிட்டால் நம்மை விடுவார்களா? தனி ஆளாக நான் கேட்டபோது அணைத்துப் போடச் சொன்னார்கள். சங்கமாகக் கேட்டால் பதில் வேறாக இருக்கும். அதுவரை புகார் செய்பவர்கள் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். அதற்கு விதியில் இடம் இருக்கிறது.

இரண்டு, நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய விதி. பழுது பார்க்க வரும் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நம் அவசரத்துக்கு ஓடுகிறார். நாம்தான் கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். பேரேட்டில் பற்று, வரவு எழுதுவது நமக்குப் புதிதா? ஃபயர்வால் நிறுத்தியது, பற்று. மறுபடி போட்டது, வரவு. கடவுச்சொல் மாற்றியது, பற்று. திரும்ப வைத்தது, வரவு. வந்தவர் வாசலைத் தாண்டுமுன் இரண்டு பக்கமும் நேராக வேண்டும். நேராகாவிட்டால், அன்று இரவு கடை சாத்தும்போது ஏதோ ஒரு பூட்டு கீழே கிடக்கிறது என்று அர்த்தம். வேலை பலித்ததா இல்லையா என்பது வேறு கணக்கு; அதை இதோடு சேர்க்கக் கூடாது.

அகரம் கடைக்காரர் இப்போது மறுபடி சரக்கு எடுக்க வருகிறார். போன வாரம் வந்தபோது திரையை அவர் பக்கம் திருப்பி, "உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள்" என்றேன். பார்த்தார், தலையசைத்தார், சிட்டையை நீட்டினார். அந்தத் திரை காட்டும் கணக்கு அவருடையதும்தான். அவருடைய நாணயம் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்குப் பூட்டுப் போடுவது என் கடமை.

இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் கம்ப்யூட்டரில் கடைசியாகப் பழுது பார்த்தது எப்போது, அன்று கழற்றிய பூட்டை மறுபடி மாட்டினோமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு மளிகை வியாபாரி,
தாடிக்கொம்பு.